சிங்கப்பூரில் இருந்துகொண்டு தா.பழூர் பெயரில் போஸ்ட் கார்டு அனுப்பலாமா? போஸ்ட்கிராசிங் இருப்பிட விதிகள் – முழு விவரம்

முன்பின் தெரியாத ஒருவருக்கு போஸ்ட் கார்டு அனுப்புவது, வேறொரு முன்பின் தெரியாதவரிடம் இருந்து ஒரு கார்டு பெறுவது. 'போஸ்ட்கிராசிங்' என்ற இந்தப் பொழுதுபோக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களை இழுத்திருக்கிறது. தபால் ஆபீசும் ஒரு செல்போனும் இருந்தால் எந்தச் சிற்றூரில் இருந்தும் சேரலாம்.

சேருவது சுலபம். பயணம் வரும்போதுதான் சிக்கல். அரியலூர் மாவட்டம் தா.பழூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் உள்ள அண்ணன் வீட்டுக்கு ரெண்டு வாரம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய கார்டு பையில் இருக்கிறது. அதில் சிங்கப்பூர் ஸ்டாம்ப் ஒட்டி அங்கேயே பெட்டியில் போட்டுவிடலாமா? 'எங்கிருந்து போனா என்ன, கார்டு போய்ச் சேர்ந்தா போதாதா?' என்று தோன்றலாம்.

போதாது. கார்டு எந்த நாட்டில் இருந்து கிளம்புவதாகப் பதிவாகியிருக்கிறதோ, அங்கிருந்துதான் அது கிளம்பணும். பயணத்தில் இருப்பவர்களுக்கும் இதற்கு நேர்மையான வழி இருக்கிறது. அது என்ன, விதி ஏன் இப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

போஸ்ட்கிராசிங் என்றால் என்ன?

போர்ச்சுகலைச் சேர்ந்த பாவுலோ மகல்யாயிஸ் 2005 ஜூலை 14 அன்று தொடங்கிய இணையதளம் இது. இதுவரை 7 கோடிக்கும் அதிகமான கார்டுகள் இதன் வழியாகக் கைமாறியிருக்கின்றன. 200க்கும் மேற்பட்ட நாடுகள், ஆட்சிப் பகுதிகளில் இதற்கு உறுப்பினர்கள் உண்டு. சேரக் கட்டணம் கிடையாது. கார்டு, ஸ்டாம்ப் செலவு மட்டும் நம்முடையது.

நம் ஊர் வார, மாத இதழ்களில் ஒரு காலத்தில் 'பேனா நண்பர்கள்' பகுதி வரும். அதன் தூரத்து உறவு என்று சொல்லலாம். பேனா நண்பர் நமக்குப் பதில் எழுதுவார். இங்கே நாம் யாருக்கு அனுப்புகிறோமோ அவர் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. வேறு யாரோ ஒருவர் நமக்கு அனுப்புவார்.

எப்படி வேலை செய்கிறது?

* தளத்தில் ஒரு முகவரி கேட்டால், ஏதோ ஒரு நாட்டில் உள்ள உறுப்பினரின் முகவரியும் ஒரு கார்டு எண்ணும் கிடைக்கும்.
* அந்த எண்ணைக் கார்டில் தெளிவாக எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும்.
* கார்டு கிடைத்தவர் அந்த எண்ணைத் தளத்தில் பதிவு செய்வார்.
* பதிவானதும், அனுப்பியவரின் முகவரி வேறொரு உறுப்பினருக்குப் போகும். அவரிடம் இருந்து ஒரு கார்டு வரும்.

புதிதாகச் சேர்பவர் ஒரே நேரத்தில் 5 கார்டுகள் வரை அனுப்பலாம். கார்டுகள் போய்ச் சேரச் சேர இந்த எண்ணிக்கை கூடும். 60 நாட்களில் பதிவாகாத கார்டு 'காலாவதி' ஆகி, அதன் இடம் காலியாகும். பயம் வேண்டாம், அதற்குப் பிறகு தாமதமாக வந்து சேர்ந்தாலும் அனுப்பிய நாளில் இருந்து ஒரு வருடம் வரை பதிவு செய்யலாம்.

கார்டு எண்ணில்தான் விஷயம் இருக்கிறது

ஒவ்வொரு கார்டு எண்ணும் ஒரு நாட்டின் இரண்டு எழுத்துக் குறியீட்டுடன் தொடங்கும். இந்தியாவில் இருந்து போகும் கார்டுக்கு 'ஐ.என்', சிங்கப்பூருக்கு 'எஸ்.ஜி', மலேசியாவுக்கு 'எம்.ஒய்'. குறியீட்டுக்குப் பிறகு வரிசை எண் வரும். நமது கணக்கில் எந்த நாடு இருக்கிறதோ, அந்த நாட்டுக் குறியீட்டில்தான் எண் தரப்படும்.

அதாவது 'ஐ.என்' என்று தொடங்கும் எண் வெறும் வரிசை எண் இல்லை. 'இந்தக் கார்டு இந்தியாவில் இருந்து புறப்பட்டது' என்று அனுப்புபவர் கொடுக்கும் வாக்கு அது. இருப்பிட விதி சொல்வது இதைத்தான்: எண்ணில் எந்த நாடு இருக்கிறதோ, அந்த நாட்டுத் தபாலில்தான் கார்டைச் சேர்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்?

இதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், காத்திருப்பவர். பலர் ஸ்டாம்புக்காகவும் தபால் முத்திரைக்காகவும்தான் இதில் இருக்கிறார்கள். சில பள்ளிகளில் வகுப்பறைச் சுவரில் உலக வரைபடம் மாட்டி, எந்த ஊரில் இருந்து கார்டு வந்ததோ அங்கே ஊசி குத்தி வைப்பார்கள். எண்ணில் இந்தியா, ஸ்டாம்பில் சிங்கப்பூர் என்றால் அந்தக் குழந்தை ஊசியை எங்கே குத்தும்?

இரண்டாவது, கணக்கு. பதிவான ஒவ்வொரு கார்டுக்கும் அது கடந்த தூரம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் ஆனது என்று தளம் காட்டும். தா.பழூரில் இருந்து புறப்பட்டதாகச் சொல்லிவிட்டு வேறு நாட்டில் இருந்து அனுப்பினால், அந்த ரெண்டு எண்ணுமே பொய். இந்தியாவில் இருந்து ஒரு நாட்டுக்குத் தபால் போக எத்தனை நாள் ஆகும் என்று அதை வைத்துக் கணக்குப் போடும் மற்றவர்களும் ஏமாறுவார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். கார்டு எங்கிருந்து போனது என்று நேரில் பார்க்க யாரும் கிடையாது. அனுப்பியவர் எழுதியதை வாங்கியவர் நம்புகிறார். வாங்கியவர் பதிவு செய்வார் என்று அனுப்பியவர் நம்புகிறார். தன் வீட்டு முகவரியையே முகம் தெரியாதவர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு முழுக்க நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

பயணத்தில் இருப்பவர் என்ன செய்யணும்?

பயணத்தின்போதும் கார்டு அனுப்ப வழி இருக்கிறது. தளத்தில் உள்ள 'டிராவல் மோட்' வசதியில், தற்போது எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறோம் என்று குறிப்பிடலாம். அதன்பின் எடுக்கும் முகவரிகளுக்கு அந்த நாட்டின் குறியீட்டிலேயே எண் வரும். நமக்கு வரும் கார்டுகள் வழக்கம்போல வீட்டு முகவரிக்கே போகும். கிளம்பும் முன் தளத்தின் உதவிப் பக்கத்தில் இதன் அப்போதைய நிபந்தனைகளைப் படித்துக்கொள்வது நல்லது.

சூழலுக்கு ஏற்ப என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஊரிலேயே எடுத்த முகவரிகள்: இந்தியக் குறியீட்டில் எடுத்த கார்டுகளை விமானம் ஏறும் முன் இங்கேயே தபாலில் சேர்த்துவிடணும். தா.பழூரில் முடியவில்லையா? திருச்சியிலோ சென்னையிலோ போட்டால்கூடச் சரி. நாடு மாறவில்லை.

வெளிநாட்டில் இருந்து அனுப்ப ஆசை: அங்கே போய் இறங்கிய பிறகு இருப்பிடத்தை மாற்றி, புதிதாக முகவரி எடுக்க வேண்டும். அந்த நாட்டின் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த நாட்டிலேயே போட வேண்டும். அனுப்பாமல் மிஞ்சும் அளவுக்கு முகவரிகளை அள்ளிக்கொள்ளக் கூடாது. ஒரு எண்ணை எடுத்துவிட்டு ஊர் திரும்பி, தா.பழூர் பெட்டியில் போட்டால் அதுவும் அதே தவறுதான், திசைதான் வேறு.

நாட்டுக்குள்ளேயே சுற்றுலா: கன்னியாகுமரிக்கோ ஊட்டிக்கோ போன இடத்தில் இருந்து அனுப்பினால் விதி மீறல் ஆகாது. குறியீடு இந்தியாதான். ஆனால் கணக்கில் தா.பழூர் என்று இருப்பதால், 'சுற்றுலா வந்த இடத்தில் இருந்து எழுதுகிறேன்' என்று ஒரு வரி கார்டில் எழுதிவிட்டால் முத்திரையைப் பார்ப்பவருக்குக் குழப்பம் இருக்காது.

வேலைக்காக வெளிநாட்டில் தங்குபவர்: ரெண்டு வருட ஒப்பந்தத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர் சுற்றுலாப் பயணி இல்லை, அங்கே வசிப்பவர். கணக்கில் முகவரியையே மாற்றிக்கொள்வதுதான் முறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் நம் ஊர்போல போஸ்ட்மேன் வீடு தேடி வரும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. தபால் பெட்டி எண்ணுக்குத்தான் கடிதம் வரும். அங்கே இருப்பவர், நிறுவனத்தின் தபால் பெட்டி எண்ணைப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணனை விட்டு அனுப்பச் சொல்லலாமா?: தா.பழூரில் உட்கார்ந்துகொண்டு, இருப்பிடம் சிங்கப்பூர் என்று போட்டு எண் எடுத்து, அங்கே இருக்கும் உறவினரை அனுப்பச் சொல்வது. ஸ்டாம்ப் சரியாக இருக்கும், முத்திரையும் சரியாக இருக்கும். ஆனால் அனுப்பியவர் அங்கே இல்லை. வெளியே தெரியாது என்பதற்காக இது நேர்மை ஆகிவிடாது. அண்ணனே ஒரு கணக்கு தொடங்கி, தன் பெயரில் அனுப்பட்டும்.

கார்டில் உள்ள படம் ஊரோடு பொருந்தணுமா?

தேவையில்லை. விதி கார்டு கிளம்பும் இடத்துக்குத்தான், படத்துக்கு இல்லை. சிங்கப்பூரில் வாங்கி வந்த கார்டில் இந்திய ஸ்டாம்ப் ஒட்டி, இந்திய எண்ணுடன் தா.பழூரில் இருந்து அனுப்பலாம். தாஜ்மகால் படம் போட்ட கார்டையும் அனுப்பலாம்.

ஆனால் தாஜ்மகாலைப் பார்க்காமலேயே 'இப்போதுதான் இதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன்' என்று எழுதுவது வேறு. 'இது எங்கள் நாட்டில் உள்ள நினைவுச் சின்னம், நான் இன்னும் பார்த்ததில்லை' என்று எழுதினாலும் படிப்பவருக்கு சுவாரசியம்தான்.

ஸ்டாம்ப், முத்திரை: எது எதைச் சொல்லும்?

ஸ்டாம்ப் என்பது ஒரு நாட்டின் தபால் துறைக்குக் கட்டிய கட்டணத்தின் ரசீது. அதனால் இந்திய ஸ்டாம்பை சிங்கப்பூர் பெட்டியில் போட்டால் செல்லாது. இதற்கு நல்ல உதாரணம் வாடிகன். ரோம் நகரத்துக்குள் இருக்கும் குட்டி நாடு அது. தனித் தபால் துறை, தனி ஸ்டாம்ப். வாடிகன் ஸ்டாம்ப் ஒட்டிய கார்டை வாடிகன் பெட்டியில்தான் போடணும். வெளியே வந்து, ரோம் தெருவில் உள்ள இத்தாலியப் பெட்டியில் போட்டால் அந்த ஸ்டாம்புக்கு மதிப்பில்லை.

முத்திரை சொல்வது வேறு. கார்டு எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் கையாளப்பட்டது என்பதற்கு அது சாட்சி. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், 14,000 அடிக்கும் மேலான உயரத்தில் ஹிக்கிம் என்ற கிராமம் இருக்கிறது. 1983 முதல் அங்கே தபால் ஆபீஸ் இயங்குகிறது. மலையேறிப் போகும் பயணிகள், அந்த ஊர் முத்திரைக்காகவே தங்கள் வீட்டு முகவரிக்கே கார்டு போட்டுவிட்டு வருகிறார்கள்.

சரி, முத்திரை இருந்தால் அனுப்பியவர் அங்கே போயிருக்கிறார் என்று அர்த்தமா? இல்லை. அண்டார்டிகாவில் இந்திய ஆய்வு நிலையங்களுக்கான தபால் ஆபீஸ், கோவா அஞ்சல் கோட்டத்தின் கீழ் வருகிறது. 1984ல் தட்சிண் கங்கோத்ரி நிலையத்தில் தொடங்கியது, பிறகு மைத்ரிக்கு மாறியது. 2024 ஏப்ரலில் பாரதி நிலையத்திலும் ஒரு கிளை திறக்கப்பட்டது. அண்டார்டிகா முத்திரைக்காக ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் கவர்களை அனுப்பி, அங்கே முத்திரை குத்தித் திரும்பப் பெறுவது உண்டு. கவர்தான் போகும், ஆள் போவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்து, வெளிப்படையாக நடக்கும் வழக்கம் என்பதால் இதில் ஏமாற்று இல்லை. அதே கவரைக் காட்டி 'நானே அண்டார்டிகா போய் போட்டேன்' என்று சொன்னால்தான் பொய்.

தா.பழூரில் இருந்து அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியவை

பின்கோடு: தா.பழூர் அரியலூர் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் பின்கோடு 612904. அரியலூருக்கு 621704, ஜெயங்கொண்டத்துக்கு 621802. பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் பகுதியைக் குறிப்பவை. கும்பகோணத்துக்கும் 612தான். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும் கும்பகோணமும், இந்தப் பக்கம் இருக்கும் தா.பழூரும் தபால் கணக்கில் ஒரே வரிசை. 'அரியலூர் மாவட்டம்தானே, 621தான் வரும்' என்று ஊகித்து எழுதினால் கார்டு சுற்றிக்கொண்டுதான் வரும்.

ஊர்ப் பெயர்: அதே மாவட்டத்தில் கீழப்பழுவூரும் இருக்கிறது. வெளிநாட்டவர் பார்த்து எழுதும்போது 'தா' என்ற முன்னெழுத்தை விட்டுவிட்டால் குழப்பம் வரும். ஆங்கிலத்தில் 'டி.பழூர்' என்றும் 'தா.பழூர்' என்றும் ரெண்டு விதமாக எழுதும் வழக்கம் உண்டு. ஏதாவது ஒன்றையே கணக்கில் எப்போதும் வைத்துக்கொள்வது நல்லது. பின்கோடும் நாட்டின் பெயரும் கட்டாயம்.

கட்டணம்: தபால் ஆபீசில் கிடைக்கும் 50 காசு கார்டின் கட்டணம் இந்தியாவுக்குள் போக மட்டும். வெளிநாட்டுக்குத் தனிக் கட்டணம். அது மாறக்கூடியது என்பதால், கவுன்டரில் கேட்டே ஸ்டாம்ப் ஒட்டணும். எந்த நாட்டுக்கு அனுப்புகிறோமோ அங்கே அப்போது தபால் போகிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

முத்திரை: தெருப் பெட்டியில் போட்ட கார்டுக்கு, தபால் பிரிக்கும் வேறு அலுவலகத்தின் முத்திரை விழ வாய்ப்பு உண்டு. அது நம் தவறு இல்லை, விதி மீறலும் இல்லை. தா.பழூர் முத்திரைதான் வேணும் என்றால், கவுன்டரில் கொடுத்து, ஸ்டாம்ப் மேல் தெளிவாக சீல் வைத்துத் தரும்படி பணிவாகக் கேட்கலாம்.

கார்டுக்கு எங்கே போவது?: சிறிய ஊர்களில் படம் போட்ட போஸ்ட் கார்டு கிடைப்பது கஷ்டம். நாமே எடுத்த போட்டோவைத் தடிமனான தாளில், சுமார் 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. 2024ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற கரைவெட்டி பறவைகள் சரணாலயம் இதே மாவட்டம்தான். கொள்ளிடக் கரையும் நெல் வயலும்கூட வெளிநாட்டவருக்குப் புதுசு.

வாங்குபவருக்கும் விதி உண்டு

நேர்மை அனுப்புபவருக்கு மட்டும் இல்லை. கார்டு கைக்கு வந்த பிறகுதான் பதிவு செய்யணும். 'பாவம், அனுப்பியிருப்பார், வழியில் தொலைந்திருக்கும்' என்று வராத கார்டைப் பதிவு செய்வதும் தவறு, வந்த கார்டைப் பதிவு செய்யாமல் விடுவதும் தவறு. பதிவு செய்யாவிட்டால், அனுப்பியவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய கார்டு கிளம்பாது.

வீட்டில் இல்லாமல் வெளியூர் போயிருக்கும்போது கார்டு வந்தால்? வீட்டில் இருப்பவர்கள் எண்ணைப் படித்துச் சொன்னால் பதிவு செய்யலாம், கார்டு வீட்டுக்கு வந்துவிட்டதே. மழையில் நனைந்து எண் அழிந்துவிட்டதா? தோராயமாக ஏதோ ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டாம். அழிந்த எண்ணைக் கண்டுபிடிக்கத் தளத்திலேயே உதவிப் படிவம் இருக்கிறது. அனுப்பியவரின் பெயர், நாடு, முத்திரைத் தேதி என்று தெரிந்ததைக் கொடுத்தால் தேடித் தருவார்கள்.

நாடு மாறி வந்த கார்டு கிடைத்தால் என்ன செய்வது?

எண்ணில் ஒரு நாடு, ஸ்டாம்பில் வேறு நாடு என்று கார்டு வந்தால் உடனே 'மோசடி' என்று முடிவு கட்ட வேண்டாம். விதி தெரியாத புதியவராக இருக்கலாம். கார்டு உண்மையிலேயே வந்திருக்கிறது, அதனால் பதிவு செய்துவிடலாம். நன்றிச் செய்தியில் 'ஸ்டாம்ப் இன்னொரு நாட்டுடையதாக இருக்கிறதே, பயணத்தில் இருந்தீர்களா?' என்று கேட்கலாம். ஒருவரே திரும்பத் திரும்ப இப்படிச் செய்வதாகத் தெரிந்தால் தளத்தை நடத்துபவர்களுக்குத் தெரிவிக்கலாம்.

இப்படி அனுப்பிவிட்டவர் செய்ய வேண்டியதும் சுலபம். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடணும். அடுத்த பயணத்தில் இருப்பிடத்தை மாற்றிவிட்டு முகவரி எடுக்கணும்.

முகவரி பத்திரம்

* நமக்குக் கிடைத்த முகவரி அந்த ஒரு கார்டுக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. வேறு யாருக்கும் தரக்கூடாது.
* கார்டின் படப் பக்கத்தைச் சமூக ஊடகத்தில் போடலாம். முகவரியும் எண்ணும் உள்ள பக்கத்தைப் போட வேண்டாம்.
* 'இன்று முதல் ரெண்டு வாரம் வீட்டில் இல்லை' என்று தேதியோடு எழுத வேண்டாம். பயணத்தைப் பற்றி நேர்மையாக இருப்பதற்கு, வீடு பூட்டியிருப்பதை ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை.
* போஸ்ட் கார்டு திறந்த கடிதம், வழியில் யாரும் படிக்கலாம். போன் நம்பர், வங்கி விவரம் எதுவும் எழுதக்கூடாது.
* சிறுவர்கள் பெற்றோருடன் சேர்ந்துதான் இதில் ஈடுபட வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

உலகின் முதல் போஸ்ட் கார்டு 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியானது. இந்தியாவுக்கு 1879 ஜூலை 1ல் வந்தது. முதல் கார்டின் நினைவாக அக்டோபர் 1 உலக போஸ்ட் கார்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளை ஒட்டி நிறையப் பேர் புதிதாகக் கார்டு அனுப்பத் தொடங்குகிறார்கள்.

பயணம் கிளம்பும் முன் மூன்றே மூன்றைச் சரிபார்த்தால் போதும். கையில் உள்ள பழைய எண்களுக்கான கார்டுகள் எல்லாம் போட்டாச்சா? போகும் நாட்டில் இருப்பிடத்தை மாற்றிவிட்டுத்தான் முகவரி எடுக்கப் போகிறோமா? எண்ணும் ஸ்டாம்பும் பெட்டியும் ஒரே நாடா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், தைரியமாகக் கார்டைப் பெட்டியில் போடலாம்.